ரிஜெக்ட் அக்காவும் காதுக்காரியும்

“இது இன்னும் சாகலையா?” என்று கேட்டாள் சின்னவள்.

காலை நேரம். அவள் சமையலறை வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சன்னல் விளிம்பில், காலி ஜாம் பாட்டில் ஒன்றில், ஒற்றை அந்தூரியம் நின்றது.

“எது?” என்றாள் அண்ணி, திரும்பாமலே. அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் அவள் கண்ணை வேறெங்கும் விடமாட்டாள்.

“இந்தப் பூ.”

“அதுவா? அது பாட்டுக்கு நிக்குது. தண்ணி மாத்தக்கூட மறந்துட்டேன்.”

“பண்ணையில இருந்து எப்போ கொண்டு வந்தீங்க?”

“எப்போன்னு கேட்டா… உங்க அண்ணன் கால் சுளுக்கி வீட்ல கிடந்தாரே, அந்த வாரம்.”

சின்னவளின் கை நின்றது. அண்ணனுக்குக் கால் சுளுக்கியது போன மாதத் தொடக்கத்தில். இப்போது அவர் இரண்டு படி ஒன்றாகத் தாவி ஏறுகிறார்.

“அண்ணி, நம்ம சிவப்பு ரெண்டு வாரம் நின்னாலே பெரிசு. அதுக்குள்ள ஓரம் கறுத்துடும்.”

“இது நம்ம சிவப்பு இல்லையே! காதுக்காரி. இங்க பாரு, மேல ரெண்டு பக்கமும் பச்சையா காது மாதிரி மடிஞ்சு நிக்குது. பெட்டியில அடுக்கினா பக்கத்துப் பூவைக் குத்தும். அதான் ரிஜெக்ட். பார்க்க வேடிக்கையா இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன்.”

“இந்த மாதிரி நிறைய வருமா?”

“முன்னெல்லாம் அடிக்கடி வரும். இப்போ கொஞ்ச நாளா கண்ணுலயே படலை. நல்லதுதானே? ரிஜெக்ட் குறைஞ்சா முதலாளிக்குக் கொண்டாட்டம்.”

“அது தானா குறையலை, அண்ணி. செடியைப் பிடுங்கிட்டாங்க.”

“எந்தச் செடியை?”

“நீங்க தள்ளுற பூவோட செடியை. ஒரே செடியில மூணு தடவை அந்த மாதிரிப் பூ வந்தா, பூ வெட்டுறவங்க அதுல மஞ்சள் நாடா கட்டிடுவாங்க. நாடா கட்டினதைப் பிடுங்கி உரக்குழியில போட்டுடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

பால் பொங்கி வழிந்தது. அண்ணி அடுப்பை அணைத்தாள். துணி எடுக்காமல் வெறுங்கையால் பாத்திரத்தைத் தூக்கினாள். சுட்ட பிறகுதான் கீழே வைத்தாள்.

“நான் பூவைத்தானே தூக்கிப் போட்டேன்?” என்றாள். “செடியையுமா போட்டேன்?”

உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது. “காப்பி வருமா, இல்லை அதுவும் ரிஜெக்ட்டா?”

இருவரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி கண்ணால் பிழைத்தவள். கல்யாணத்துக்கு முன்பு முட்டைக் கிடங்கில் வேலை. இருட்டு அறையில், விளக்குக்கு எதிரே முட்டையைப் பிடித்து, உள்ளே கீறலோ கலங்கலோ தெரிந்தால் ஒதுக்க வேண்டும். பிறகு ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் சட்டைகளின் பொத்தான் துளைகளைப் பார்த்துத் தள்ளினாள். பூப்பண்ணையில் வாளி கழுவத்தான் சேர்ந்தாள். ஆனால் கழுவுகிற இடத்தில் இருந்துகொண்டே, “அந்தப் பூ கோணல், அது பெட்டிக்குப் போகுது பாருங்க” என்று தொலைவிலிருந்து கூவினதில், தரம் பிரிக்கும் மேசைக்கே மாற்றிவிட்டார்கள்.

பேக்கிங் கூடத்தில் அந்த மேசை சுவரோடு சுவராக நீண்டு கிடக்கும். தகரம் போட்ட மேசை, மேலே குழல்விளக்குகள், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. வெட்டிய அந்தூரியங்கள் வாளி வாளியாக வந்து இறங்கும். இதய வடிவத்தில் பளபளக்கும் சிவப்பு மடல். அதன் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் கதிர். கூடத்தில் அந்தக் கதிருக்கு மூக்கு என்று பெயர். ஒவ்வொரு பூவையும் ஈரப் பஞ்சால் முகம் துடைப்பதுபோலத் துடைத்து, மூக்கின் பக்கங்களையும் துடைத்து, அளவு பார்த்து, அட்டைப்பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்க வேண்டும். மாறி இருந்தால், மேசைக்குக் கீழே ஒரு நீலக்கூடை.

நீலக்கூடைக்குள் அண்ணி பூவைப் போடுவதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கதை பேசிக்கொண்டே இருப்பாள், பூ தானாகப் பறந்து கூடையில் விழும். ரிஜெக்ட் அக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. காய்கறி வண்டிக்காரர் அவளைக் கண்டாலே தராசைத் துண்டால் மூடிக்கொள்வார். வீட்டில் அண்ணனின் சட்டைகள் காணாமல் போகும். கேட்டால், காலர் நைந்துவிட்டது என்பாள்.

“மூணு பேரை ரிஜெக்ட் பண்ணிட்டுத்தான் என்னை எடுத்தா,” என்று அண்ணன் வண்டிக்காரர்களிடம் பெருமையடிப்பார். அவர் பண்ணையின் குளிர்வண்டி ஓட்டுநர்.

“அன்னைக்கு வெளிச்சம் சரியில்லை,” என்பாள் அண்ணி.

சின்னவள் அண்ணனின் தங்கை. அதே பண்ணையில், செடிகள் வளரும் வலைக்கூடங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒட்டுக் கொட்டகையில் டாக்டருக்கு உதவியாள். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை; ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் சேர்த்துப் புது ரகம் எடுக்கிறவர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. சிரித்தால் கூரை அதிரும். சின்னவளோ அந்தக் கொட்டகையில் இருப்பதே தெரியாது. “ரெண்டு மொழியில படிச்சா. ரெண்டுலயும் பேசமாட்டா,” என்று நாத்தனாரை ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்துவாள் அண்ணி.

அன்று மதிய இடைவேளையில் இருவரும் சாப்பிடாமல் உரக்குழிக்கு ஓடினார்கள்.

குழி என்பது பெயருக்குத்தான். அது ஒரு குவியல். காய்ந்த இலை, நறுக்கிய தண்டு, பழைய தென்னை நார்த்தூள், எல்லாவற்றுக்கும் அடியில் புழுங்கும் வெதுவெதுப்பு. மஞ்சள் நாடாக்கள் ஆங்காங்கே தலைகாட்டின. அண்ணி கையுறையை மாட்டிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டாள்.

“இருக்கு! வேரோட இருக்கு! சின்னவளே, இங்க பாரு, துளிர்கூட விட்டிருக்கு!”

குவியலின் நிழல் பக்கத்தில், பாதி அழுகின செடிகளுக்கு நடுவே சில பிழைத்துக் கிடந்தன. சின்னவள் ஒவ்வொன்றாக இழுத்து வரிசையாக வைத்தாள்.

“இதுல எது காதுக்காரியோடது, அண்ணி?”

அண்ணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாமலா?”

“ஏண்டி, நான் செடியைக் கண்டேனா! என் மேசைக்கு வரும்போது அதுக்கு உடம்பே இருக்காது. முகம் மட்டும்தான் வரும். இலையைக் காட்டி யாருன்னு கேட்டா?”

எத்தனையோ வருடம் அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவள், வலைக்கூடத்துக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. செடிகளைத் தெரிந்த சின்னவளோ பூக்களைக் கூடையில் பார்த்ததில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அடக்க முடியவில்லை.

“என்ன, புதையலா?” என்றபடி டாக்டர் வந்து நின்றார்.

சின்னவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி ஜாம் பாட்டில் கதையை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அந்தப் பாட்டிலை நான் இன்னைக்கே பார்க்கணும்,” என்றார். “நம்ம சிவப்புச் செடி எல்லாமே ஒரே செடியோட துணுக்குல இருந்து ஆய்வகத்துல வளர்த்தது. ஆயிரக்கணக்குல எடுக்கும்போது எங்கேயோ ஒண்ணு மட்டும் மாறிப் பிறக்கும். பெரும்பாலும் அந்த மாற்றம் எதுக்கும் உதவாது. ஆனா சில சமயம்…” அவர் முடிக்கவில்லை. குனிந்து அவரும் குவியலுக்குள் கையைவிட்டார். டாக்டருக்குக் கையுறைகூட இல்லை.

முதலாளியிடம் மூவருமாகப் போய் நின்றார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் பெட்டிக் கணக்கில்தான் யோசிப்பார்.

“காது வச்ச பூ வேணும்னு யார் கேட்கறாங்க?” என்றார்.

“யாரும் கேட்கலை,” என்றார் டாக்டர். “அதனாலதான் இதை நம்ம சிவப்போட சேர்க்கணும். சிவப்போட முகம், இதோட ஆயுசு. அப்படி ஒரு பிள்ளை பிறந்தா, தூர தேசத்துப் பெட்டிகூடத் தைரியமா அனுப்பலாம்.”

முதலாளி யோசித்தார். “மூணாவது வலைக்கூடத்துல கடைசி மேசையை எடுத்துக்கோங்க. மேலே இருக்கிற நிழல்வலை மாத்தற வரைக்கும்தான். வலை மாத்தும்போது அந்தக் கூடம் மொத்தமும் காலியாகணும். புது ரகம் வாங்கி வைக்கப்போறேன். அதுக்குள்ள பிள்ளை பிறந்தா சரி.”

வெளியே வந்ததும் அண்ணி மேலே பார்த்தாள். வலை நன்றாகத்தான் இருந்தது. “நாள் கிடக்கு,” என்றாள். அந்தூரியம் விதைபோட்டு முளைத்துப் பூக்க எவ்வளவு காலம் ஆகும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. சின்னவளுக்குத் தெரியும்: இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அவள் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை.

மீட்ட செடிகளில் பாதி பிழைத்தன. முதலில் பூத்தது ஒரு கோணல்வாய். அடுத்தது, சாயம் போன துணி மாதிரி ஒன்று. மூன்றாவது மொட்டு விரிந்த அன்று சின்னவள் கொட்டகையிலிருந்து பேக்கிங் கூடத்துக்கு ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கே அது செய்தி. வாசலில் நின்று, மூச்சிரைக்க, இரண்டு கைகளையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலை மடக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். அண்ணி கையில் இருந்த பஞ்சோடு மேசையைத் தாண்டிக்கொண்டு வந்தாள்.

காதுக்காரி, செடியோடு! அண்ணி அந்த மேசையை நான்கு பக்கமும் சுற்றி வந்தாள். “உடம்பு இப்படித்தான் இருக்குமா?” என்றாள். “கழுத்து எவ்வளவு நீளம் பாரேன்!”

சின்னவள் அந்த மூக்கைக் காட்டி விளக்கினாள். நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு மடல் பூவே இல்லை. மூக்கின் மேல் பொடிப் பொடியாகத் தெரிகிற புள்ளிகள்தான் பூக்கள். முதலில் அவை பெண்ணாக இருக்கும். அப்போது தேன்போல் சின்னத் துளிகள் கசியும். அந்தச் சமயத்தில் வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்துத் தடவ வேண்டும். சில நாள் கழித்து அதே புள்ளிகள் ஆணாகி வெள்ளைத் தூள் உதிர்க்கும்.

“முதல்ல பொண்ணு, அப்புறம் ஆணா? நல்லா இருக்கே கூத்து!” என்றாள் அண்ணி.

துளி கசிந்தது. சின்னவள் பழைய சிவப்பின் மகரந்தத்தைத் தடவினாள். மறுநாளும் தடவினாள். அதற்கடுத்த நாள் தூரிகையோடு போனவள் மேசைக்கு முன் சிலையாக நின்றாள்.

காதுக்காரியின் முகம் பளபளவென்று இருந்தது. மூக்கு கழுவிவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் அண்ணி, ஈரப் பஞ்சோடு, முகமெல்லாம் சிரிப்போடு.

“ஒரே பிசுபிசுப்பு, சின்னவளே. மேல வேற ஏதோ மாவு மாதிரி ஒட்டிக் கிடந்தது. நல்லா துடைச்சு விட்டேன். பாரு, இப்போ எப்படி இருக்கா!”

அந்தப் பண்ணையில் சின்னவளின் குரலை எல்லோரும் கேட்ட முதல் நாள் அதுதான்.

“அண்ணீ!”

தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவர்கூடக் குழாயைக் கீழே போட்டுவிட்டார். சின்னவள் என்ன சொன்னாள் என்பது இருவருக்கும் பிறகு சரியாக நினைவில்லை. இரண்டு மொழியிலும் சொன்னாள் என்பது மட்டும் நிச்சயம். அண்ணி பஞ்சை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருடமாக ஒவ்வொரு பூவின் முகத்தையும் துடைத்த கை. முன்னால் ஒரு பூ நின்றால் அது தானாகவே துடைக்கும். செய்தது என்னவென்று புரிந்தபோது அவள் கண் கலங்கிவிட்டது.

“ரெண்டாவது தடவை,” என்றாள் மெதுவாக. “ரெண்டாவது தடவையும் நானே.”

சின்னவளுக்கு அதற்குமேல் கோபம் நிற்கவில்லை. “அடுத்த பூ வரும், அண்ணி,” என்றாள். “இனிமே பஞ்சை வாசல்லயே வச்சுட்டு வாங்க.”

அடுத்த பூ வர நாளாயிற்று. வந்ததும் மகரந்தம் தடவியது அண்ணியின் கைதான். சின்னவள் பிடிவாதமாகத் தூரிகையை அவளிடமே கொடுத்தாள். எப்போதும் படபடக்கும் அந்தக் கை, குழந்தைக்குக் கண்மை தீட்டுவதுபோல் அப்படி மெதுவாகப் போனது.

மூக்கு தடித்தது. மாதங்கள் ஆக ஆக, பச்சையாக இருந்தது முண்டும் முடிச்சுமாயிற்று. கடைசியில் மணிமணியாகப் பழங்கள் வெளியே தள்ளின. நசுக்கினால் உள்ளே வழவழப்போடு இரண்டிரண்டு விதை. அன்றே ஈர நார்த்தூளின் மேல் தூவினார்கள். முளைத்தது. நூற்றுக்கு மேல் முளைத்தது! அண்ணி மதியச் சாப்பாட்டை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

“டாக்டர், ஒரே தாய் தகப்பன்தானே? ஒவ்வொண்ணும் ஏன் ஒவ்வொரு தினுசா இருக்கு? இது இலை அகலம். இது நோஞ்சான். இது பாருங்க, இப்பவே திமிரா நிக்குது.”

“அம்மாகிட்ட இருந்து பாதி, அப்பாகிட்ட இருந்து பாதி வருது. ஆனா எந்தப் பாதின்னு ஒவ்வொரு விதைக்கும் மாறும். சீட்டுக் கலைக்கிற மாதிரி.”

அண்ணி வாசலில் வண்டிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்தாள். “புரியுது. ஒரே வயித்துல பிறந்ததுங்கதான் ரெண்டும். அது வாயை மூடாது, இது வாயைத் திறக்காது.”

செடிகள் வளர்ந்தன, வலையோ நைந்தது. வெயிலில் அதன் நிறம் வெளுத்து, காற்றடிக்கும்போது ஓரங்கள் பிரிந்தன. அண்ணிக்கு இப்போது கணக்குப் புரிந்துவிட்டது: பூ முந்துமா, வலை முந்துமா? ஏணி போட்டு ஏறி, நைலான் நூலும் கோணி ஊசியுமாகக் கிழிசலைத் தைத்தாள். கீழே சின்னவள் ஏணியைப் பிடித்துக்கொள்வாள். ஒரு கிழிசல் மூடினால் அடுத்த வாரம் இன்னொன்று வாய் திறக்கும்.

ஒருநாள் முதலாளி மேலே பார்த்தார். “யார் இதைத் தச்சது?”

“எலியா இருக்கும்,” என்றாள் அண்ணி.

“எலி கடிக்கும். தைக்குமா?”

“நம்ம பண்ணை எலி, முதலாளி. உழைப்பாளி.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்து வந்த பெருங்காற்றில் வலை நடுவில் நீளமாகக் கிழிந்து தொங்கியது. எந்த ஊசியாலும் ஒன்றும் செய்ய முடியாது. மாதக் கடைசியில் வலை இறங்கும், கூடம் காலியாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

நாற்றுகள் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தன. என்ன பூ, என்ன பூ! சின்னவள் காலையில் வலைக்கூடத்துக்குள் ஓட்டமும் நடையுமாக நுழைவாள். வெளிர்சிவப்பு, செங்கல் நிறம், பச்சை விளிம்பு வைத்த சிவப்பு, வெள்ளையில் சிவப்பு தெளித்தாற்போல் ஒன்று, ஒற்றைக்காது, இரட்டைக்காது, மூக்கு சுருண்டது, கழுத்து குட்டையானது. உலகத்தில் யாருமே இதுவரை பார்த்திராத முகங்கள்! அண்ணி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டாள். ஒருத்தி மாமியார், ஒருத்தி மூக்கறை, ஒருத்தி ராணி.

அழகு போதாது, ஆயுசு தெரிய வேண்டும். அதை வெட்டி நீரில் வைத்துத்தான் பார்க்க முடியும், அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். இருந்ததே ஒரு மாதம். “வாங்கறவங்க வீட்லதானே வைப்பாங்க? உங்க வீட்லயே வைங்க,” என்றார் டாக்டர். விரிந்திருந்த பூக்களையெல்லாம் ஒரே காலையில் வெட்டி, காம்பில் செடியின் எண் கட்டி, அண்ணனின் வண்டியில் ஏற்றினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பழைய சிவப்பிலும் நான்கைந்து.

வீடு பூக்கடையாயிற்று. சமையலறைச் சன்னல், குளிர்பதனப் பெட்டியின் தலை, மாடிப்படி, குளியலறைத் திட்டு. ஊறுகாய் ஜாடி, மருந்து பாட்டில், அளக்கும் கிண்ணம் எதுவும் மிஞ்சவில்லை.

“நான் எங்க குளிக்கிறது?” என்றார் அண்ணன்.

“ஒரு மாசம் குளிக்காட்டி ஒண்ணும் ஆகாது. வண்டியே குளிர்வண்டிதானே,” என்றாள் அண்ணி.

எல்லாம் முடிந்தபோது கையில் ஒரே ஒரு பூ மிஞ்சியது. பாட்டில் மிஞ்சவில்லை. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காது இல்லை, கோடு இல்லை, புள்ளி இல்லை. வெறும் சிவப்பு.

“இது அப்படியே நம்ம பழைய சிவப்பு. இதுல என்ன புதுசு இருக்கு? இதுக்கு எதுக்குப் பாட்டில்?” என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

சின்னவள் கூடையிலிருந்து அதை எடுத்தாள். தன் அறைக்குப் போய், பல்துலக்கி வைக்கும் தம்ளரிலிருந்து பல்துலக்கியை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அதில் வைத்தாள். அந்த மாதம் முழுக்க அவளுடைய பல்துலக்கி சன்னல் கம்பியில் சொருகிக் கிடந்தது.

நாள் போகப் போக வீடு களையிழந்தது. பழைய சிவப்பு முதலில் ஓரம் கறுத்தது. மாமியார் சாய்ந்தாள். ராணியின் மூக்கு அழுகியது. அண்ணி காலையில் எழுந்ததும் வீடு முழுக்கச் சுற்றி வருவாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டுவாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் சமையலறையில் ஒரு இரட்டைக்காது மட்டும் தாக்குப்பிடித்தது. அதற்குத் தண்டு கோணல், பெட்டிக்கு ஆகாது.

“அவ்வளவுதான்,” என்றாள் அண்ணி. நாளைக்கு வலை இறங்குகிறது. “பிடுங்கிப் போட்டவ நானு. திருப்பிக் கொண்டு வந்துடலாம்னு பார்த்தேன். முடியலை. போகட்டும் விடு.”

அப்போதுதான் சின்னவள் உள்ளே போய் தம்ளரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அண்ணி பார்த்தாள். சிவப்பு மடலில் ஒரு சுருக்கம் இல்லை. காலையில் வெட்டியதுபோல் நிமிர்ந்து நின்றது. விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள்.

“யார் இது?”

“நீங்க தள்ளினது.”

“எப்போ?”

“அன்னைக்கு. எல்லாத்தோடவும் சேர்த்து வெட்டினது.”

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். “ஏங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் துண்டோடு ஓடிவந்தார். “வண்டியை எடுங்க! இப்பவே எடுங்க!”

வழியெல்லாம் தம்ளர் அண்ணியின் மடியில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் அண்ணனைத் திட்டினாள்.

டாக்டரையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போய் நின்றார்கள். அவர் பூவைத் தூக்கிப் பார்த்தார். அதே நாளில் வெட்டி, ஒப்பிட்டுக் காட்டச் சின்னவள் எடுத்து வைத்திருந்த பழைய சிவப்பு ஒன்று கறுத்துச் சுருண்டு பக்கத்தில் கிடந்தது. அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு மெல்ல நகத்தால் மடலின் பின்புறம் கீறினார்.

“பிளாஸ்டிக் இல்லையே?”

கீறலில் ஈரம் கசிந்தது. டாக்டரின் சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

“ஆனா இதுக்குக் காதே இல்லையே, டாக்டர்,” என்றாள் அண்ணி. “இது நிஜமாவே காதுக்காரி பொண்ணுதானா?”

“காது வேற, ஆயுசு வேற. ரெண்டும் சேர்ந்தேதான் வரணும்னு இல்லை. இவ அம்மாகிட்ட ஆயுசை மட்டும் வாங்கிட்டு, காதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டா. ஒரு பூவை வச்சு முடிவு பண்ண முடியாது, அடுத்தடுத்து வெட்டிப் பார்க்கணும். ஆனா…” டாக்டர் முதலாளியைப் பார்த்தார்.

வலை மறுநாள் இறங்கியது. ஆனால் அதற்கு முன்பே நாற்று மேசை, அத்தனை முகங்களோடும், ஒட்டுக் கொட்டகைக்கு இடம் மாறியிருந்தது. முதலாளி புது ரகம் வாங்குவதைத் தள்ளிவைத்தார். அடுத்த பூவும் நின்றது; அதற்கடுத்ததும் நின்றது. தம்ளர்க்காரியின் துணுக்குகள் ஆய்வகத்துக்குப் போயின. இப்போது மூன்றாவது கூடத்தில், புது வலையின் நிழலில், அவளுடைய பிள்ளைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓரத்தில் ஒரு தொட்டியில் காதுக்காரியும் இருக்கிறாள். அவளுக்கு நாடா கட்ட யாருக்கும் தைரியம் இல்லை.

அண்ணி இன்னமும் தரம் பிரிக்கும் மேசையில்தான் இருக்கிறாள். வேறு வேலைக்கு வரச் சொல்லி டாக்டர் கூப்பிட்டும் போகவில்லை. கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நீலக்கூடை நிறைந்துகொண்டேதான் இருக்கிறது.

முதலாளியிடம் தம்ளரைக் காட்டிவிட்டு வந்த அன்று, வண்டியிலிருந்து இறங்கி வீட்டுப் படியேறும்போது, அண்ணி சின்னவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணன் உள்ளே போகும்வரை காத்திருந்தாள். பிறகு, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“சின்னவளே, ஒண்ணு கேட்டா செய்வியா? தினமும் கூடையைக் குழிக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி, நீ ஒரு தடவை வந்து கையை விட்டுப் பாரு. எனக்குத் தெரியாம பாரு. தெரிஞ்சா எனக்குக் கோபம் வரும்.”